இட்டென் பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியர்



பள்ளியாசிரியர் ஒருவரின் பணி வாழ்க்கையைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அயர்லாந்தில் பிறந்தவர். கென்யாவின் மேற்கு மலைப்பகுதியில் இட்டென் என்ற சிற்றூரில், செயின்ட் பேட்ரிக் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தியவர். பிரதர் கோல்ம் ஓ'கானல். ஓட்டப் பந்தயத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. ஒலிம்பிக் சாம்பியன்களையும் உலகச் சாம்பியன்களையும் உருவாக்கிய பயிற்சியாளர் என்று அவரை உலகம் அறியும். நான் இன்று பேச விரும்புவது அந்தப் பயிற்சியாளருக்குள் இருந்த ஆசிரியரைப் பற்றி. அவர் செய்த ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். நானும் நெடுங்காலம் புவியியல் நடத்தியவன். ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

அவர் 'பேட்ரிஷியன் பிரதர்ஸ்' என்ற கத்தோலிக்கத் துறவு சபையைச் சேர்ந்தவர். அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் டல்லோ என்ற ஊரில் 1808இல் பிஷப் டேனியல் டிலேனி தொடங்கிய சபை அது. பாமரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதற்காகவே ஏற்பட்டது. சென்னைக்காரர்களுக்கு இந்தச் சபை தூரத்து உறவு இல்லை. அடையாறில் இருக்கும் செயின்ட் பேட்ரிக் ஆங்கிலோ இந்தியப் பள்ளியை நடத்தி வருவதும் இதே சபைதான். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் கென்யாவுக்கும் வேலைக்குப் போனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1976இல் பிரதர் கோல்ம் இட்டெனுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். தடகளத்தில் அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பயிற்சியாளர் படிப்போ சான்றிதழோ கிடையாது. அவர் நல்ல ஓட்டக்காரராக இருந்தவரும் இல்லை. அந்தப் பள்ளியில் அப்போது பீட்டர் ஃபாஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டரின் சகோதரர். மாலையில் பையன்களை ஓடவிட்டுக் கொண்டிருந்த அவர், புதிதாக வந்த பிரதரைத் துணைக்குக் கூப்பிட்டார். ஃபாஸ்டர் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பொறுப்பு முழுவதும் புவியியல் ஆசிரியர் கைக்கு வந்தது. நம் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர் இல்லாத இடத்தில், வயதில் சின்னவராக இருக்கும் ஏதோ ஒரு ஆசிரியரின் கழுத்தில் விசிலை மாட்டிவிடுவார்களே, அப்படித்தான் இதுவும் நடந்தது.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இட்டென் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தைவிடச் சற்று அதிகம். ஊர் விளிம்பில் நின்றால் நிலம் சட்டென்று அறுந்து விழுந்து, ஆயிரம் மீட்டருக்கும் கீழே கெரியோ பள்ளத்தாக்கு விரியும். ஆப்பிரிக்காவைப் பிளந்துகொண்டு செல்லும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் ஒரு கிளை அது. பிளவுப் பள்ளத்தாக்கு எப்படி உண்டாகிறது என்பதை நாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறோம். அவருக்கு ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினால் போதும். ஊருக்குள் செம்மண் சாலைகள்; மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் புழுதி கிளம்பும். இன்று அந்த ஊர் வாசலில் 'சாம்பியன்களின் இல்லம்' என்று எழுதிய வளைவு நிற்கிறது. பிரிட்டனின் மோ ஃபாரா போன்றவர்கள் வந்து தங்கிப் பயிற்சி எடுத்த ஊர். பிரதர் கோல்ம் வந்தபோது அப்படி ஒன்றும் இல்லை. காய்கறிச் சந்தை, சில கடைகள், ஒரு பள்ளிக்கூடம்.

அவர் வந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். நியூசிலாந்தின் ரக்பி அணி இனவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதைக் கண்டித்து, ஆப்பிரிக்க நாடுகள் பலவும் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. கென்யாவும் அதில் ஒன்று. 1980இல் மாஸ்கோவுக்கும் கென்யா போகவில்லை. 1968இல் மெக்சிகோவில் கிப் கெய்னோ 1,500 மீட்டர் தங்கம் வென்றது முதல் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு நாடு, 1972க்குப் பிறகு 1984 வரை ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஒரு தலைமுறை ஓட்டக்காரர்களின் நல்ல வயது அதோடு போயிற்று. அந்த இடைவெளியில் ஓட்டத்தை அணையாமல் காத்தவை பள்ளிகளும் படையும் காவல் துறையும்தான். நம் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி போலவே அங்கும் பள்ளிப் போட்டிகளுக்குப் படிநிலை உண்டு. புதிதாக வந்த பிரதர் அந்தப் பள்ளிப் போட்டிகளில்தான் கைபழகினார்.

அவர் கற்றுக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சி நூல்களில் இருந்த ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டுவந்து பையன்கள் தலையில் கட்டவில்லை. தமக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஆகவே பார்த்தார். யார் எப்படிக் கால் வைக்கிறான், களைத்த பிறகு எவனுடைய தோள் முதலில் ஏறுகிறது, வெற்றிக்குப் பிறகு யார் பேசாமல் இருக்கிறான், தோற்ற பிறகு யார் மறுநாள் வருகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பையன்களிடமே கேட்டார். ஓட்டக்காரர்கள்தான் தமக்குப் பயிற்சி கற்றுத் தந்தார்கள் என்பதை அவர் பிற்காலத்தில் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் ஒருவன் பாடம் புரியாமல் தலையாட்டுவதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கண்ணை அப்படியே மைதானத்துக்குக் கொண்டு போனார், அவ்வளவுதான்.

பலன் உடனே வந்துவிடவில்லை. 1987இல் நியூயார்க் மாரத்தானில் இப்ராஹிம் ஹுசைன் முதலாவதாக வந்தார். அந்த மாரத்தானை வென்ற முதல் ஆப்பிரிக்கர். அடுத்த ஆண்டு பாஸ்டன் மாரத்தானையும் வென்றார். அவர் செயின்ட் பேட்ரிக் பள்ளி மாணவர். அதே 1988இல் சியோல் ஒலிம்பிக். 1,500 மீட்டர் இறுதிப் போட்டியில் பெரிய பெயர்கள் சில இருக்க, 21 வயதுப் பீட்டர் ரோனோ பாதிப் பந்தயத்திலேயே முன்னால் வந்து நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்கள் இப்போது தாண்டுவோம், அப்போது தாண்டுவோம் என்று இருந்து, கடைசிவரை தாண்ட முடியவில்லை. 3 நிமிடம் 35.96 விநாடி. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் பீட்டர் எலியட்டுக்கும் அவருக்கும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கூட வித்தியாசமில்லை. ரோனோவும் இதே பள்ளி மாணவர். 1992இல் பார்சிலோனாவில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்ற மேத்யூ பிரிரும் இதே பள்ளி. டென்மார்க்குக்காக ஓடி, 1995, 1997, 1999 என்று தொடர்ந்து மூன்று முறை 800 மீட்டர் உலகச் சாம்பியன் ஆன வில்சன் கிப்கெட்டரும் இதே பள்ளிக்கூடத்துப் பையன்தான்.

பள்ளி வளாகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒலிம்பிக்கிலோ உலகச் சாம்பியன்ஷிப்பிலோ பதக்கம் வென்ற பழைய மாணவர் திரும்பி வந்து ஒரு மரம் நடுவார். மரத்தடியில் அவர் பெயர் எழுதிய சிறு பலகை இருக்கும். கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துத் தலைமையாசிரியர் அறையில் தூசி படிய விடுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடுகிற வழியில் உலகச் சாம்பியனின் மரம் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அவன் வகுப்புக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். உயரத்தில் பிறந்தவர்கள், காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு, அதனால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுகின்றன, நுரையீரல் பழகிவிடுகிறது. அந்தப் பகுதியில் வாழும் கலெஞ்சின் இனத்தாரின் கால்கள் மெலிந்து நீண்டவை. சிறு வயதிலிருந்தே பள்ளிக்கு ஓடிப் போய்ப் பழகியவர்கள். இதில் வாத்தியார் செய்ததற்கு என்ன இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. உயரம் உதவுகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. உடல்வாகும் பழக்கமும் உதவுகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கு இட்டெனிலேயே ஒரு பதில் இருக்கிறது. அது அங்கிருந்த பெண்பிள்ளைகளின் கதை.

அதே மலை, அதே காற்று, அதே குடும்பங்கள். அண்ணன் தம்பிகள் உலகப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தங்கைகள் எங்கே இருந்தார்கள்? தண்ணீர் எடுத்தார்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள், பருவம் வந்ததும் கல்யாணம் ஆனார்கள். கெய்னோ 1968இல் தங்கம் வென்ற பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கென்யப் பெண் ஒருவர்கூட உலகச் சாம்பியன்ஷிப்பிலோ ஒலிம்பிக்கிலோ பதக்கம் வாங்கவில்லை. உயரம்தான் காரணம் என்றால் அந்த உயரம் தங்கைகளுக்கும் இருந்ததே. ரத்தம்தான் காரணம் என்றால் அதுவும் இருந்ததே.

செயின்ட் பேட்ரிக் ஆண்கள் பள்ளி. பெண்களைச் சேர்க்க வழியில்லை. பிரதர் கோல்ம் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. விடுமுறை. மூன்று பருவங்களாக நடக்கும் கென்யப் பள்ளிகளுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை வரும். பையன்கள் ஊருக்குப் போய்விட்டால் விடுதி காலி. 1989இல் அந்தக் காலி விடுதியில், இளம் பெண்களுக்கென்று ஒரு பயிற்சி முகாம் போட்டார். பக்கத்து ஊர்களிலிருந்து பள்ளி மாணவிகள் வந்து தங்கினார்கள். இரண்டே ஆண்டுகள். 1991 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் நடந்த உலகக் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் இளையோர் பிரிவில் லிடியா செரோமெய் முதலாவதாக வந்தாள். அவளுக்கு அப்போது வயது 13. அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோவில் சூசன் சிர்மா 3,000 மீட்டரில் வெண்கலம் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பில் கென்யப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம் அது. 1993இல் ஷ்டுட்கார்ட்டில் சாலி பார்சோசியோ 15 வயதில் 10,000 மீட்டர் வெண்கலம். நான்கு ஆண்டு கழித்து ஏதென்ஸில் அதே தூரத்தில் தங்கம், கென்யாவின் முதல் பெண் உலகச் சாம்பியன். 2007இல் ஒசாகாவில் 800 மீட்டரில் ஜேனெத் ஜெப்கோஸ்கெய். இவர்கள் எல்லாரும் அந்த முகாம்களுக்கு வந்து போனவர்கள், அல்லது பிரதரிடம் பழகியவர்கள்.

மலை மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: ஒரு பெண்பிள்ளை வீட்டில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வந்து தங்குவதற்கு, பெற்றோர் நம்புகிற ஓர் இடம் ஏற்பட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்த வாத்தியார், பள்ளிக்கூட வளாகம், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்ற தைரியம். நம் ஊரில் எட்டாம் வகுப்புவரை கோ-கோவில் பறந்துகொண்டிருந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பில் ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்று இங்கிருக்கும் ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். உடல்வாகைக் காரணமாகச் சொல்ல மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லை என்பார்கள். மாற்றுடை போட மறைவான அறை இல்லை என்பார்கள். அப்பாவிடம் யாரும் பேசவில்லை என்பார்கள். பிரதர் செய்ததெல்லாம் இந்த மாதிரிச் சில்லறைத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டதுதான். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதற்கு ஓர் அத்தியாயம் கிடையாது.

முகாமில் அவர் என்ன சொல்லித் தந்தார்? அதிவேகமாக ஓடச் சொல்லித் துரத்தியிருப்பார் என்று நினைப்போம். புல்தரையில் பிள்ளைகள் வரிசையாக, நடையைவிடச் சற்று விரைவாக, மெதுவாக ஓடுவார்கள். அவர் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். முழங்கை உடம்பை ஒட்டியிருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா, இடுப்பு சரிகிறதா, பாதம் எந்தப் பக்கம் திரும்பி விழுகிறது என்று பார்ப்பார். நான்கு சொற்களில் அவர் அதைச் சுருக்கி வைத்திருந்தார்: கவனம், உடல் நேராக இருத்தல், நிலைகுலையாமை, தாளம். வேகம் அந்த நான்கில் இல்லை. நான்கும் சரியாக இருந்தால் அது தானே வரும் என்பது அவர் கணக்கு. உலகச் சாதனையாளரும் பதினாலு வயதுப் பிள்ளையும் ஒரே வரிசையில் அந்த மெதுவோட்டம் ஓடுவார்கள். கையெழுத்து நன்றாக வருவதற்கு நம் பழைய ஆசிரியர்கள் கோடு போட்ட நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைத்தார்களே, அதே பொறுமை இதிலும் இருக்கிறது.

இந்தப் பொறுமை எங்கே முழுதாக வெளிப்பட்டது என்று கேட்டால் டேவிட் ருடிஷாவைத்தான் சொல்வேன். ருடிஷா கில்கோரிஸ் பகுதியைச் சேர்ந்த மாசாய் இனத்தவர். அவருடைய தந்தை டேனியல் ருடிஷா 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் ரிலேயில் வெள்ளி வென்ற அணியில் ஓடியவர். மகன் படிக்க வந்தது இட்டெனில் இருந்த வேறொரு பள்ளிக்கு, கிமுரோனுக்கு. தந்தையைப் போல 400 மீட்டர் ஓடினார். பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லானிலும் ஆசை இருந்தது. பிரதர் கோல்மிடம் பழகத் தொடங்கிய பிறகு அவருடைய பாதை 800 மீட்டருக்குத் திரும்பியது. 2006இல் பெய்ஜிங்கில் இளையோர் உலகச் சாம்பியன் ஆனார். அதோடு எல்லாம் நேராகப் போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. 2008 ஒலிம்பிக்குக்குக் காயத்தால் போக முடியவில்லை. 2009 பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பில் இறுதிப் போட்டிக்கே தகுதி பெறாமல் அரையிறுதியோடு வெளியேறினார். இருபது வயது, பெரிய பெயர், பத்திரிகைகள் முழுக்க எதிர்பார்ப்பு. இந்த இடத்தில்தான் அவசரக்காரப் பயிற்சியாளர் எல்லாவற்றையும் மாற்றுவார், பயிற்சியைக் கூட்டுவார், ஓட்டக்காரரும் ஆளை மாற்றுவார். இருவரும் அப்படி எதுவும் செய்யவில்லை. மீண்டும் இட்டென், மீண்டும் அதே புல்தரை.

2010 ஆகஸ்ட் 22ஆம் தேதி, அதே பெர்லினில் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 41.09 விநாடியில் ஓடினார். 1997இலிருந்து நின்றுகொண்டிருந்த 1:41.11 என்ற சாதனை முறிந்தது. முறிந்தது யாருடைய சாதனை? வில்சன் கிப்கெட்டருடையது. செயின்ட் பேட்ரிக்கின் பழைய மாணவருடையது. ஒரு வாரம் கழித்து இத்தாலியின் ரியெட்டியில் 1:41.01. ஒரே சிற்றூரில் பிள்ளைப்பருவத்தில் ஓடிப் பழகிய இருவர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு உலகச் சாதனையை மாற்றிக்கொண்டார்கள்.

2012 ஆகஸ்ட் 9, லண்டன். பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒலிம்பிக்கில் வேகம் வைத்துக் கொடுக்க முன்னோடிகள் கிடையாது. ஆகவே 800 மீட்டர் இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் தந்திரப் போட்டிகளாக இருக்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடிக் கடைசியில் பாய்வார்கள். ருடிஷா துப்பாக்கி வெடித்ததிலிருந்து முன்னாலேயே ஓடினார். முதல் சுற்று 49.28 விநாடி. இரண்டாவது சுற்றில் யாருக்கும் கிட்டே வர முடியவில்லை. 1:40.91, புதிய உலகச் சாதனை. அவர் இழுத்த இழுப்பில் பின்னால் வந்தவர்களும் தங்கள் வாழ்நாளின் வேகத்துக்குப் போனார்கள். போட்ஸ்வானாவின் 18 வயது நைஜல் ஆமோஸ் 1:41.73இல் வெள்ளி. கடைசியாக, எட்டாவதாக வந்த பிரிட்டனின் ஆண்ட்ரூ ஓசாகி ஓடிய 1:43.77, சிட்னியிலும் ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் தங்கம் வென்ற நேரங்களைவிடச் சிறந்தது. அந்த ஓட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்க்கும்போது ருடிஷாவின் தோளையும் தலையையும் மட்டும் பாருங்கள். கடைசி நூறு மீட்டரில்கூட அவை ஆடவில்லை. புல்தரையில் மெதுவோட்டம் ஓடிய நாட்கள் எதற்கு என்பது அப்போது புரியும். நான்கு ஆண்டு கழித்து ரியோவிலும் 1:42.15இல் அவரே தங்கம்.

இவ்வளவு பேருக்கும் பயிற்சி தந்தவருக்கு என்ன சம்பாத்தியம் என்று மாணவர்கள் நினைக்கலாம். அவர் துறவற வாக்குக் கொடுத்தவர்; சொந்தச் சொத்து சேர்ப்பதில்லை என்பது அந்த வாக்கில் ஒன்று. மாரத்தான்களிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் பரிசுப் பணம் பெருகி, ஏஜெண்டுகள் இட்டென் தெருவில் ஆள் பிடிக்கத் தொடங்கிய பிறகும் அவர் ஏஜெண்டு ஆகவில்லை. பாடம் நடத்தினார், பிறகு தலைமையாசிரியராகவும் இருந்தார்; ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி வளாகத்து வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளை ஓட வைத்தார்.

ஊரின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. பணம் வந்த இடத்தில் ஊக்கமருந்தும் வந்தது. 2016 மே மாதம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, விதிகளைப் பின்பற்றாத நாடு என்று கென்யாவை அறிவித்தது. பல கென்ய ஓட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். சிறு வயதில் பிரதரின் முகாமுக்கு வந்து புகழ்பெற்றவர்களிலேயே பின்னாளில் தடைக்கு உள்ளானவர் உண்டு. இன்னொன்று: பதின்மூன்று வயதிலும் பதினைந்து வயதிலும் உலகப் பதக்கம் வெல்வது நமக்குப் பெருமையாகத் தெரிகிறது, அந்தப் பிள்ளையின் எலும்புக்கும் மனசுக்கும் படிப்புக்கும் அது நல்லதா என்று எந்த ஆசிரியரும் கேட்டே தீர வேண்டும். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை நான்கைந்து ஆண்டுகள்தான் கையில் வைத்திருக்க முடியும். அதற்குப் பிறகு யாரிடம் போகிறான், என்ன ஊசி போடுகிறார்கள், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது வாத்தியார் கையில் இல்லை. பிரதர் கோல்ம் இருந்த இடத்திலேயே இருந்ததன் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஐரோப்பாவில் நொந்துபோன ஓட்டக்காரன் திரும்பி வந்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் தன் பெயரைக் கூப்பிட்ட மனிதர் அதே வளாகத்தில் இருந்தார்.

நம் பக்கம் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார், அறிவியல் ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். நானும் இந்த வழக்கத்துக்கு நடுவில் வேலை பார்த்தவன்தான். தலைமையாசிரியர்களின் நெருக்கடி எனக்குத் தெரியும், தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். செயின்ட் பேட்ரிக் ஒன்றும் விளையாட்டுக்காகப் படிப்பைக் கைவிட்ட பள்ளி இல்லை. இப்ராஹிம் ஹுசைன் அங்கிருந்து நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கும், பீட்டர் ரோனோ மேரிலாண்டில் இருக்கும் மவுண்ட் செயின்ட் மேரிஸ் கல்லூரிக்கும் ஓட்டத்தினால் கிடைத்த வாய்ப்பில் படிக்கப் போனவர்கள். அங்கே ஓட்டமும் படிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. நமக்கும் பொறியியல், மருத்துவச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அந்தச் சான்றிதழை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால், பள்ளிக்கு வெளியே காசு கொடுத்துப் பயிற்சி பெற முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் தெரிகிறார்கள். கிராமத்துப் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு அவளுடைய பி.டி. மாஸ்டரை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்த மாஸ்டரும் நான்கு வருஷம் கழித்துக் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வயதான தாய் தந்தை இருக்கிறார்கள்.

ஆகவே இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்க அனுமதிக்க வேண்டுகிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள். நல்ல காரியம், தொடரட்டும். அதோடு, வட்டித் தொகையில் ஒரு பங்கை எடுத்து, மே மாத விடுமுறையில் ஏதேனும் ஒரு அரசுப் பள்ளி விடுதியில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தடகள முகாம் நடத்துங்கள். பெரிய பெயர் வைக்க வேண்டாம், பெரிய விருந்தினரை அழைக்க வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு, முட்டை, பால், சாயங்காலம் சுண்டல், இரவில் தங்க ஒரு ஆசிரியை, கழிப்பறைக்குத் தண்ணீர், பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வேன். பயிற்சி தர ஒரே ஆசிரியர் ஆண்டுதோறும் வர வேண்டும், ஆள் மாறக் கூடாது. அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் மே மாதத்துக்கு இங்கே வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து ஆண்டுகள் பதக்கக் கணக்குக் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் மறு ஆண்டும் திரும்பி வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் அப்பாக்களிடம் பேச வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.